டைட்டன் நீர்மூழ்கியை நொறுக்கியது கார்பன் ஃபைபரா... நடுவில் இருந்த பசையா?

2022 ஜூலை 15. வடக்கு அட்லாண்டிக்கில் ஆழத்துக்குப் போய்விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது டைட்டன் நீர்மூழ்கி. அதன் 80-வது டைவ் அது. திடீரென 'டமார்' என்று ஒரு சத்தம். உள்ளே இருந்தவர்களுக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் வண்டி பத்திரமாக மேலே வந்துவிட்டது. வெளிச்சட்டத்துக்குள் கூடு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த சத்தம்தான் அது என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அடுத்த டைவுக்குத் தயாரானார்கள்.

பதினோரு மாதம் கழித்து, 2023 ஜூன் 18. டைவ் எண் 88. டைட்டானிக் கப்பலின் சிதைவைப் பார்க்க இறங்கிய டைட்டன், 3,300 மீட்டரைத் தாண்டிய ஆழத்தில் நொறுங்கியது. ஓஷன்கேட் நிறுவனத்தின் தலைவர் ஸ்டாக்டன் ரஷ், பிரெஞ்சு ஆழ்கடல் நிபுணர் பால் ஹென்றி நார்ஜோலே, பிரிட்டன் தொழிலதிபர் ஹமிஷ் ஹார்டிங், பாகிஸ்தானியத் தொழிலதிபர் ஷாஜாதா தாவூத், அவருடைய 19 வயது மகன் சுலைமான் என ஐந்து உயிர்கள் போயின.

அப்போது சோஷியல் மீடியாவில் ஓடிய தீர்ப்பு உங்களுக்கு நினைவிருக்கலாம். "கார்பன் ஃபைபர்லயா சப்மரீன் கட்டுவாங்க?" என்பதுதான் அது. வீடியோ கேம் கன்ட்ரோலரை வைத்து ஓட்டினார்கள் என்ற மீம்ஸ் இன்னொரு பக்கம். அந்தக் கன்ட்ரோலருக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லை. கார்பன் ஃபைபர் மீதான தீர்ப்போ பாதிதான் சரி. அந்தப் பாதித் தீர்ப்போடு நின்றுவிட்டால், மீதிப் பாதியில் இருக்கும் பெரிய தவறு தப்பித்துவிடும்.

பிளைவுட் கதவும் விமானமும்

மழைக்காலத்தில் பாத்ரூம் பிளைவுட் கதவின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். மரம் உடைந்திருக்காது. ஆனால் ஏடு ஏடாக விரிந்து, உப்பி, உரிந்து வந்திருக்கும். மரத்தகடு நன்றாகவே இருக்கும், தகடுகளுக்கு நடுவில் இருந்த பசைதான் கைவிட்டிருக்கும். கார்பன் ஃபைபர் லேமினேட்டின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழைகளை வரிசையாக அடுக்கி, எபாக்ஸி போன்ற ரெசினில் தோய்த்தால் ஒரு அடுக்கு கிடைக்கும். அதன் தடிமன் சுமாராக ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். இப்படிப் பத்து, நூறு என்று அடுக்கிச் சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைத்து எடுப்பதுதான் லேமினேட். இழை ஓடும் திசையில் இழுத்துப் பார்த்தால், அதே எடையுள்ள எஃகைவிடப் பல மடங்கு தாங்கும். விளம்பரங்களில் வரும் 'ஸ்டீலைவிட ஸ்ட்ராங்' எல்லாம் இந்தத் திசைக் கணக்குதான்.

அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அங்கே இழை கிடையாது, வெறும் ரெசின்தான். அந்த இடத்தில் பிளவு புகுந்துவிட்டால் குறுக்கே நின்று தடுக்க ஆளில்லை. அடுக்குகள் பிரிந்துகொண்டே போகும். இதைத்தான் டிலாமினேஷன் என்கிறார்கள்.

16 ஜூல் போதும்

எவ்வளவு சுலபமாகப் பிரியும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஃப்ராக்சர் டஃப்னஸ், அதாவது விரிசல் தாங்கும் திறன். 'ஸ்ட்ராங்கா இருக்கா' என்பதும் 'டஃப்பா இருக்கா' என்பதும் பேச்சில் ஒன்றுபோலத் தெரியும். பொறியியலில் இரண்டும் வேறு வேறு கேள்விகள். உடைய எவ்வளவு சுமை வேண்டும் என்பது முதல் கேள்வி. ஏற்கெனவே ஒரு சின்ன விரிசல் இருந்தால் அது வளர எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது இரண்டாவது. 1921-ல் கண்ணாடியை வைத்து இந்த இரண்டாவது கேள்விக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஏ.ஏ. கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். கண்ணாடி வலுவானதுதான், ஒரு கீறல் விழுந்தால் கதை முடிந்தது.

லேமினேட்டுக்கு இதை அளக்கும் முறை ரொம்ப எளிமையானது. ஒரு பட்டையைச் செய்யும்போதே ஒரு முனையில் நடு அடுக்கில் மெல்லிய டெஃப்லான் தாளைச் சொருகிவிடுவார்கள். அந்த இடம் ஒட்டாது. அதுதான் தொடக்க விரிசல். பிறகு அந்த முனையின் மேல் பாதியையும் கீழ் பாதியையும் பிடித்து, வாழைப்பட்டையை உரிப்பதுபோல மெதுவாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு சதுர மீட்டர் புதுப் பிளவுக்கும் எத்தனை ஜூல் ஆற்றல் செலவானது என்று கணக்கிடுவார்கள். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கிப் பிரிவதற்குத் தனி டெஸ்ட் உண்டு.

பழைய காலத்து எபாக்ஸி லேமினேட்டுகளில் இந்த எண் 100 ஜூல் அளவில்தான் இருந்தது. விமானங்களுக்காக மேம்படுத்தப்பட்ட வகைகளில் 250 ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். எளிதாகப் புரிய ஓர் ஏ4 தாளை எடுத்துக்கொள்வோம். 16 ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அப்படியானால் ஏ4 அளவுக்கு இரண்டு அடுக்குகளைப் பிரிக்கத் தேவை சுமார் 16 ஜூல். ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் ஓர் ஆள் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல், அவ்வளவுதான்! விமானத்துக்குப் பயன்படும் அலுமினியத்தில் அதே அளவுக்குப் பிளவு உண்டாக்க ஏறக்குறைய 40 மடங்கு ஆற்றல் வேண்டும்.

விழுந்த பொட்டலத்தின் ஆற்றல் முழுக்கப் பிளவுக்கே போய்விடாது என்பது உண்மை. ஆனால் ஒப்பீடு பொய் சொல்லவில்லை. இழை வரிசையில் ராட்சசனாக இருக்கும் அதே பொருள், அடுக்குகளுக்கு நடுவில் அப்பளம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 250 ஜூல் என்பது ஒரே இழுப்பில் பிரிப்பதற்கான கணக்கு. மறுபடி மறுபடி சுமை ஏறி இறங்கினால், அதைவிடக் குறைந்த ஆற்றலிலேயே பிளவு கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து வளரும். நீர்மூழ்கிக்கு ஒவ்வொரு டைவும் ஒரு ஏற்றம், ஓர் இறக்கம்.

ஐந்து அங்குலச் சுவர் என்னவானது?

டைட்டானிக் கிடக்கும் ஆழம் சுமார் 3,800 மீட்டர். அங்கே விரல் நகம் அளவு இடத்தில், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டரில், ஏறத்தாழ 390 கிலோ அழுத்தம். இதைத் தாங்க வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் வடிவம் கோளம், பொருள் டைட்டேனியம் அல்லது எஃகு. கோளத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். ஆனால் இடம் பத்தாது. இரண்டு மூன்று பேர் முழங்காலை மடித்து உட்காரலாம்.

ஓஷன்கேட்டுக்கு ஐந்து பேர் வேண்டும். ஒரு சீட் 2,50,000 டாலர் என்று விற்கும்போது எத்தனை சீட் என்பது முக்கியமான கேள்வி. அதனால் உருளை வடிவம். அதை உலோகத்தில் செய்தால் எடை ஏறிவிடும். அதனால் கார்பன் ஃபைபர். இரு முனையிலும் டைட்டேனியம் மூடிகள், நடுவில் 5 அங்குலத் தடிமனில் கார்பன் ஃபைபர் உருளை. இழைகளின் பெரிய பலம் இழுவையில்தான். கடலோ நாலா பக்கமும் அமுக்குகிறது. இந்த முரண்பாட்டைப் பலர் முன்பே சுட்டிக்காட்டியிருந்தார்கள்.

முதல் கூட்டிலேயே எச்சரிக்கை வந்தது. 2019 ஏப்ரலில் பஹாமாஸில் அதில் பயணித்த கார்ல் ஸ்டான்லி என்ற அனுபவமுள்ள நீர்மூழ்கி ஓட்டுநர், டைவ் முழுக்கக் கூடு வெடிப்பதுபோலச் சத்தம் கேட்டதாக ரஷ்ஷுக்கு எழுதினார். பிறகு அந்தக் கூட்டில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டுக் கழற்றப்பட்டது.

இரண்டாவது கூட்டை வேறு மாதிரி செய்தார்கள். 5 அங்குலத்தையும் ஒரே தடவையில் வேகவைக்காமல், ஓர் அங்குலம் ஓர் அங்குலமாக ஐந்து சுற்று. ஒவ்வொன்றையும் வேகவைத்து, மேலே பசைப் படலம் ஒட்டி, அடுத்த அங்குலம். வேகும்போது மேற்பரப்பில் சுருக்கங்கள் விழுந்தன. அவற்றை அரைத்துத் தேய்த்துவிட்டு அடுத்த அடுக்கைப் போட்டார்கள். சுருக்கத்தை அரைக்கும்போது இழைகளும் சேர்ந்து அறுபடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. விபத்துக்குப் பிறகு அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வகம் மிச்சமிருந்த துண்டுகளைப் பரிசோதித்தது. சுருக்கங்கள், நுண்துளைகள், வெற்றிடங்கள் எல்லாம் இருந்தன. அந்த டெஃப்லான் தாள் டெஸ்ட்டில் வேண்டுமென்றே சொருகும் தொடக்க விரிசலை, இங்கே தெரியாமலேயே கட்டுமானத்தோடு சேர்த்து வைத்துவிட்டார்கள்.

இப்போது மறுபடி டைவ் 80-க்கு வருவோம். வாரியத்தின் முடிவின்படி அந்தச் சத்தம் டிலாமினேஷன்தான். கூட்டில் ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் அடுக்குகள் பிரிந்துவிட்டன.

அடுக்கு பிரிந்தால் என்ன, மொத்தம் 5 அங்குலம் அப்படியேதானே இருக்கிறது என்று தோன்றலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரு சுவரின் வளையாத்தன்மை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 5 அங்குலத்துக்கு 5×5×5, அதாவது 125 பங்கு. அதுவே நடுவில் முழுசாகப் பிரிந்து இரண்டரை, இரண்டரையாக நின்றால் இரண்டும் சேர்ந்து 31 பங்குதான். நாலில் ஒன்று! ஐந்து அங்குலமும் தனித்தனியாகப் பிரிந்தால் வெறும் 5 பங்கு. தடிமனான புத்தகத்தை வளைப்பதும், அதே புத்தகத்தின் எல்லாத் தாள்களையும் ஒட்டிவிட்டு வளைக்கப் பார்ப்பதும் ஒன்றா? டைட்டனில் பிரிவு முழுச் சுவரிலும் இருந்திருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் போதுமான அளவு பிரிந்தாலே அந்த இடம் உள்பக்கமாக மடங்கத் தொடங்கும். அந்த ஆழத்தில் மடங்கத் தொடங்கியதை நிறுத்த நேரம் கிடையாது.

தட்டிப் பார்த்தார்களா?

வீட்டுக்கு டைல்ஸ் போட்டு முடித்ததும் கொத்தனார் ஒரு கரண்டியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போவார். 'டங்' என்றால் சரி, 'பொத்' என்றால் அடியில் காற்று. விமானப் பராமரிப்பிலும் இதே வேலை நடக்கிறது. நாணயத்தால் தட்டிப் பார்க்கும் டெஸ்ட் உண்மையிலேயே இருக்கிறது. அதைவிட நம்பகமானது அல்ட்ராசவுண்ட். ஒலி அலை பிரிந்த இடத்தில் இருக்கும் காற்று இடைவெளியில் மோதித் திரும்பிவிடும், உள்ளே பிளவு இருப்பது தெரிந்துவிடும்.

டைட்டனின் முதல் கூட்டைக் கடலில் இறக்குவதற்கு முன்பே இப்படி ஸ்கேன் செய்ய வேண்டும் என்று கேட்டவர் டேவிட் லாக்ரிட்ஜ். ஓஷன்கேட்டின் கடல்சார் இயக்கப் பிரிவுத் தலைவர். 2018 ஜனவரியில் எழுத்துபூர்வமாகவே கேட்டார். இவ்வளவு தடிமனான கூட்டை ஸ்கேன் செய்யக் கருவி இல்லை என்பது பதில். அவர் வேலையும் போனது. அதே ஆண்டு மார்ச்சில் ஆழ்கடல் துறையைச் சேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ரஷ்ஷுக்கு ஒரு கடிதம் தயாரித்தார்கள். வெளி அமைப்பு ஒன்றிடம் சான்று வாங்குங்கள் என்பதுதான் அதன் சாரம். வாங்கவில்லை.

தடிமனான கார்பன் லேமினேட்டில் அல்ட்ராசவுண்ட் தேய்ந்து போகும், அது சிரமமான வேலைதான். ஒத்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாத ஒரு சுவர் என்றால், அதற்குள் மனிதர்களை உட்காரவைக்கக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல காரணம் வேறு என்ன வேண்டும்? 'பார்க்க முடியாது, அதனால் பார்க்கவில்லை' என்பது பதிலே இல்லை.

ஸ்கேனுக்குப் பதிலாக ஓஷன்கேட் நம்பியது, கூட்டில் ஒட்டிய உணரிகளை. இழை முறிந்தாலோ அடுக்கு பிரிந்தாலோ எழும் ஒலியைச் சில உணரிகள் கேட்கும். கூடு எவ்வளவு அமுங்குகிறது என்பதை வேறு சில அளக்கும். ஆபத்து வந்தால் முன்கூட்டியே தெரியும், மேலே வந்துவிடலாம் என்பது வாதம். இந்த யோசனையை முழுசாகக் கேலி செய்யவும் முடியாது. ஏனென்றால் அந்த உணரிகள் வேலை செய்தன! டைவ் 80-க்குப் பிறகு, கூடு அமுங்கும் விதம் முன்பு போல இல்லை என்று அளவீடுகள் காட்டின. டைவ் 82-க்குப் பிறகு இன்னும் மோசம். தகவல் கணினியில் இருந்தது. அதைச் சரியாகப் படிக்கத்தான் ஆள் இல்லை. நிறுவனத்தின் தரவு அலசல் தவறாக இருந்ததால் கூடு சேதமடைந்தது அவர்களுக்கே தெரியவில்லை, 80-வது டைவோடு டைட்டனை ஓரம்கட்டியிருக்க வேண்டும் என்று வாரியம் 2025 அக்டோபரில் சொன்னது. தெரியாமலேயே அந்தக் குளிர்காலத்தை நியூஃபவுண்ட்லாந்தில் திறந்தவெளியில் கழித்தது டைட்டன். அதற்குச் சில மாதம் முன்பு வெளியான அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிக்கை ஒரே வரியில் முடித்துவிட்டது. இது தடுத்திருக்கக்கூடிய விபத்து.

அப்போ விமானத்தில் ஏறலாமா?

போயிங் 787-ன் எடையில் சுமார் பாதி இதே வகைப் பொருள்தான். ஏர்பஸ் ஏ350-ல் இன்னும் சற்று அதிகம். தாராளமாக ஏறலாம். காரணம், அங்கே டிலாமினேஷன் நடக்கவே நடக்காது என்று யாரும் நம்பவில்லை. நடக்கும் என்று வைத்துக்கொண்டுதான் டிசைனே ஆரம்பமாகிறது. மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி இறக்கையில் விழுந்தால் மேலே ஒரு தடம்கூடத் தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தச் சேதம் இருந்தும், விமானத்தின் ஆயுள் முழுக்க முழுச் சுமையையும் தாங்கும் என்று டெஸ்ட்டில் காட்ட வேண்டும். காட்டினால்தான் சான்றிதழ்.

பசைக்கும் வைத்தியம் பார்த்தார்கள். 787-க்கு மூலப்பொருள் தரும் ஜப்பானின் டோரே நிறுவனம், அடுக்குகளுக்கு நடுவில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களைத் தூவிவைத்தது. பிளவு நேராக ஓட முடியாமல் தடுக்கி விழும். லீப் ஜெட் எஞ்சினின் விசிறி இதழ்களில் இழைகளை முப்பரிமாணத்தில் நெய்துவிட்டார்கள். உரிவதற்குத் தனித்தனி அடுக்கே இல்லை என்றாக்கிவிட்டார்கள்.

இதெல்லாம் சும்மா வரவில்லை. 1960-களின் கடைசியில் ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 எஞ்சினுக்குக் கார்பன் ஃபைபர் விசிறி இதழ்களைச் செய்தது. எடை குறையும், எரிபொருள் மிச்சம், பெரிய கனவு. 1970-ல் பறவை மோதும் டெஸ்ட்டில் அந்த இதழ்கள் சிதறின. டைட்டேனியத்துக்கு மாறினார்கள். ஏற்கெனவே செலவில் திணறிக்கொண்டிருந்த நிறுவனம் 1971 பிப்ரவரி 4 அன்று திவால் நிலைக்குப் போனது, பிரிட்டன் அரசு எடுத்து நடத்த வேண்டியதாயிற்று. கார்பன் விசிறி இதழ், டைட்டேனிய முனையோடு, ஜிஇ90 எஞ்சினில் பயணிகள் விமானத்துக்கு வந்தது 1995-ல். இடையில் கால் நூற்றாண்டு.

விதிமுறைகள் புதுமையைக் கொல்கின்றன என்பது ரஷ் அடிக்கடி முன்வைத்த வாதம். ஸ்டார்ட்அப் உலகில் இருப்பவர்களுக்குப் பழகிய வசனம்தான். ஆனால் கார்பன் ஃபைபரின் சொந்த வரலாறு அதற்கு நேர் எதிர். ரோல்ஸ் ராய்ஸில் போனது கம்பெனி. ஓர் உயிர்கூட அந்த டெஸ்ட்டில் போகவில்லை. டெஸ்ட் மேடையில் உடைந்ததால்தான் எங்கே உடைகிறது என்று தெரிந்தது, தெரிந்ததால்தான் இன்று பறக்கிறது.

சென்னையில் ஒரு கோளம்

இந்தியாவும் ஆழ்கடலுக்கு ஆட்களை அனுப்பத் தயாராகிறது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000, மூன்று பேருடன் 6,000 மீட்டர் வரை இறங்குவதற்கான வாகனம். டைட்டானிக் கிடக்கும் ஆழத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பது 2.1 மீட்டர் விட்டமுள்ள டைட்டேனியக் கோளம், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். பார்க்கப் புதுமையாக ஒன்றுமில்லை. உலகின் ஆழ்கடல் வாகனங்கள் பல பத்தாண்டுகளாகப் போகும் அதே பழைய வழி.

திட்டம் தாமதமாகிறது என்ற விமர்சனம் அவ்வப்போது எழுகிறது. 2025 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரியிலும் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை முதல்முறையாகத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தபோது, ஆட்களோடும் ஆட்கள் இல்லாமலும் பல தடவை மூழ்கவைத்தார்கள். துறைமுகத் தண்ணீரின் ஆழம் சில மீட்டர்தான். 6,000 மீட்டர் போக வேண்டிய வண்டியைச் சில மீட்டரில் வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.